ஐந்தடி மூன்றங்குலம்

புலாவ் தீக்குஸ் கடற்கரையில்
ஹாம்ப்ஷயரிலிருந்து வேரோடு பெயர்த்து வந்ததுபோல்
ஒரு வீடு.
நெற்றியில் முக்கோணம், வாசலுக்கு நான்கு தூண்,
உறைபனி வழுக்கி விழட்டுமென்று செங்குத்தான கூரை.
உறைபனி!
நேற்றுப் பெய்த மழைக்கே தாழ்வாரம் குளமாகி
நஸ்ரியின் செருப்பு ஒன்று நீந்திப் போனது.

ஈயத்தில் கொழுத்த ஒருவன் கட்டியது.
பெயர் பத்திரத்தில் இருக்கிறது, எனக்கு வேண்டாம்.
மூன்று கூடத்துக்கு மூன்று கணப்படுப்பு,
எதன் வாயிலும் கரி இல்லை.
ஒன்றில் மட்டும் யாரோ மறந்த குடை.
எரியாத அடுப்புக்கு மேலே
இத்தாலியப் பளிங்கில் திராட்சைக் கொத்து.

நாங்கள் இடிக்க வரவில்லை, அளக்க வந்தோம்.
ஹோட்டல் ஆகப்போகிறதாம்.
லேசர் புள்ளி சுவரில் சிவப்பாய்க் குந்தும்,
நான் எண் சொல்வேன், மேய் சுவான் எழுதுவாள்.
பெரிய படிக்கட்டில் ஒரு படி ஆறங்குலம்,
பின்கட்டுப் படிக்கட்டில் ஒன்பது.
இதற்கு லேசர் தேவைப்படவில்லை,
முழங்கால் சொன்னது.

மூன்றாம் நாள் கணக்கு உதைத்தது.
வெளிச்சுவரின் நீளத்தில்
அறைகளையும் சுவர்க் கனங்களையும் கழித்தால்
மிச்சம் ஒன்று அறுபது மீட்டர்.
மறுபடி அளந்தோம். ஒன்று அறுபது.
"காக் தெய்வா, ஒரு சுவரைத் தடிமனாக்கிவிடலாமே,
யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான் நஸ்ரி.
ஒரு நிமிடம் நானும் யோசித்தேன், மறைக்கவில்லை.
பிறகு புல்வெளியில் நின்று ஜன்னல்களை எண்ணினேன்.
கடலைப் பார்த்துப் பத்து.
உள்ளே போய் எண்ணினேன்.
ஒன்பது.

இடக்கோடியிலிருந்து மூன்றாவது.
பச்சைப் பலகைகள், பித்தளைக் கொக்கி, எல்லாம் உண்டு.
தட்டினால் பின்னால் செங்கல்.
வாசலுக்கு வலப்பக்கம் ஐந்து என்றால்
இடப்பக்கமும் ஐந்து வேண்டுமல்லவா,
முகம் கோணக்கூடாதென்று
ஒரு கண்ணை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பின்நடையில் கிடந்த தேக்கு அலமாரியை
மூன்று பேருமாய்த் தள்ளினோம்.
பின்னால் மார்பளவுக் கதவு.

உள்ளே அகலம் ஐந்தடி மூன்றங்குலம்,
அவர்கள் அடியில்தானே கட்டினார்கள்.
என் உயரமும் அதேதான்.
நிமிர்ந்தால் கை நீட்ட இடமில்லை.
சுவரோடு கட்டிய ஓர் இருக்கை.
தலைக்கு மேல், சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம், ஓர் ஓட்டை.
ஓட்டையில் பித்தளை வளையம்,
வளையத்தின் கீழ்விளிம்பில்
கயிறு தின்ற பள்ளம்.
வைத்துப் பார்த்தேன்.
சுண்டுவிரல் அதில் ஒழுங்காகப் படுத்துக்கொண்டது.

"ஸ்டோரா?" என்றாள் மேய் சுவான்.
பங்கா இழுப்பவன் இருந்த இடம் என்றேன்.
அந்தப் பக்கம் சூப் ஆறவேண்டும்,
மெழுகுவர்த்தி அணையக்கூடாது,
அவ்வளவு காற்று, அளந்த காற்று.
அதைச் செய்து அனுப்பியவன்
திறக்காத ஜன்னலுக்குப் பின்னால்.

யாரோ. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவனோ,
பாவியான் தீவுக்காரனோ.
என் ஆள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்,
ஆதாரம் இல்லை.
எதிர்ச்சுவரில், குதிகால் எட்டும் உயரத்தில்
சுண்ணாம்பு வழுவழுத்திருந்தது.
கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி
உதைத்து உதைத்துத் தூங்கியிருப்பான்.
தூக்கத்திலும் நிற்காத கால்.

வரைபடத்தில் ஒரு விதி உண்டு,
கண்ணுக்கு மறைந்ததைப் புள்ளிக்கோட்டில் போடு.
அன்றிரவு அந்த அறையை
முழுக்கோட்டில் போட்டேன்.
கணினி 'ஸ்டோர் 2' என்று தானாகப் பெயர் வைத்தது.
அழித்துவிட்டுப் 'பங்கா' என்று அடித்தேன்.
சிவப்பு அடிக்கோடு விழுந்தது, எழுத்துப் பிழையாம்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுவாரம் ஹோட்டல்காரர்களின் பதில் வந்தது.
ரொம்ப நல்ல கண்டுபிடிப்பு, நன்றி.
சரியாக அவ்வளவு இடத்தைத்தான்
தேடிக்கொண்டிருந்தார்களாம்,
ஏர்கான் குழாய்களைக் கொண்டுபோக.